பூக் கேட்டு நிறுத்திய மாத்திரை

போன மாதம் ஒரு நிச்சயதார்த்த வீட்டில் பந்திக்குக் காத்திருந்தேன். எனக்கு முன்வரிசையில் நம் வயதுக்காரர் இருவர். ஒருவர் மற்றவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பையன் மனசுக்குன்னு ஏதோ மாத்திரை போட்டுட்டிருக்கறானுங்க. கல்யாணம் முடியற வரைக்கும் நிறுத்தி வெச்சுக்கலாமுன்னு இருக்கறோம். பொண்ணூட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா வம்பு பாருங்க." மற்றவர் தலையை ஆட்டி, "அதுவுஞ் செரிதானுங்க" என்றார். இரண்டு பேரும் படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நிறுத்தாதீங்க. டாக்டரைக் கேக்காம ஒரு வேளை கூட நிறுத்தாதீங்க" என்றேன். அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாருங்க?" என்றார்.

நியாயமான கேள்விதான். அன்று பதில் வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு வார்த்தை வராது. பந்தியில் உட்கார்ந்து பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நாமெல்லாம் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள். இப்போது அந்த நாற்காலியில் நாமே உட்கார்ந்திருக்கிறோம். உட்கார்ந்துகொண்டு அதே பேச்சைத்தான் பேசுகிறோம். அதனால் நான் யார் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். நான் என் அத்தையின் அண்ணன் மகள்.

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். கிணற்று மோட்டார் புகைந்துபோனால் சுற்றுவட்டத்துக் குடியானவர்கள் எங்கள் அப்பாவிடம்தான் கொண்டுவருவார்கள். பஸ் கூரையில் வரும், மாட்டுவண்டியில் வரும், சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டியும் வரும். கருகிய கம்பிச் சுருளைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வார்னிஷ் வாசனையில்தான் நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டுச் சோற்றிலும் அது கொஞ்சம் இருக்கும்.

கம்பி சுற்றுவது அத்தை. அப்பாவின் தங்கை. அவளைப் பெற்றவர்கள் அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டதால் எங்களோடுதான் இருந்தாள். மர அச்சில் செம்புக் கம்பியைச் சுற்றும்போது உதடு மட்டும் அசையும். சுற்றுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்போது யாரும் அவளிடம் பேசக்கூடாது. கணக்கு முடிந்ததும் என் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். வெட்டி மீந்த கம்பியில் எனக்கு மோதிரம், கொலுசு, ஒரு தடவை ஒரு குட்டி நாற்காலி எல்லாம் செய்து கொடுத்திருக்கிறாள். செம்பு பட்டு என் விரல் பச்சையாகிவிடும். அம்மா புளி போட்டுத் தேய்ப்பாள்.

எங்கள் குடும்பத்தில் முடிவு எடுப்பவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் இருந்தார், தென்னையும் காய்கறியும். மாதம் இரண்டு முறை வருவார். அவர் வந்தால் அப்பா எழுந்து நின்றுகொள்வார். அண்ணன் எதிரில் உட்கார அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அத்தைக்கு முதலில் வந்தது எப்போது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மா சொல்லித்தான் பாதி தெரியும். ஒரு கோடையில், மோட்டார்கள் வரிசை கட்டி நின்ற சமயத்தில், அத்தை தூங்குவதை விட்டுவிட்டாள். இருட்டோடு எழுந்து சுற்றுவாள், நாங்கள் படுத்த பிறகும் சுற்றுவாள். சாப்பிடச் சொன்னால் நின்றுகொண்டே இரண்டு வாய். பேச்சும் பாட்டும் சிரிப்புமாகப் பட்டறையே அதிரும். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அம்மணி ரெண்டு ஆளு வேலைய ஒத்தையில செய்யறாளுங்க" என்பார். பெரியப்பா ஒருபடி மேலே போய், "கோயமுத்தூர்த் தண்ணி குடிச்ச புள்ளைன்னா இப்படித்தான் இருக்கோணும்" என்றார். ஒருத்தி பத்து நாளாகக் கண்ணை மூடவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எங்கள் ஊரில் வேலை செய்கிறவரை யாரையும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதில் நமக்குப் பெருமை வேறு.

பிறகு அவள் தன் வளையலைக் கழற்றிப் பால்காரர் மகளுக்குப் போட்டுவிட்டாள். மோட்டார் கம்பெனி கட்டப் போவதாகச் சொல்லிக் காலி மனைகளை அளந்து கல் நட்டாள். ஒரு மில் முதலாளியின் பங்களா வாசலில் போய் நின்று, "உங்க மில்ல நான் நடத்தித் தாரனுங்க" என்றாளாம். அன்றைக்குத்தான் எல்லோரும் திடுக்கிட்டார்கள். அதற்கப்புறம் மழைக்காலம் வந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. தலை வாரவில்லை, பேசவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்குவதற்கு அவள் கை பட்ட பாடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதே பெரியப்பா இப்போது, "உக்காந்து தின்னு கொழுப்பெடுத்துப் போச்சு" என்றார். பூசாரி ஒருவரைக் கூட்டிவந்து வேப்பிலையால் அடிக்கவும் வைத்தார்.

அம்மாதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அப்பாவிடம் பல் ஆஸ்பத்திரி என்று பொய் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "இது பேயும் இல்லீங்க, சோம்பேறித்தனமும் இல்லீங்க. வியாதி. மனசு ஒரு காலத்துல அளவில்லாம மேல ஏறிரும், தூக்கமே வேண்டியிருக்காது. இன்னொரு காலத்துல அடியில போயிரும், எந்திரிக்கவே முடியாது. அந்தச் சுறுசுறுப்பும் இந்தப் படுக்கையும் ரெண்டும் ஒரே வியாதிதானுங்க." இன்றைக்கு பைபோலார் என்கிறார்கள், இருமுனையப் பிறழ்வு என்று தமிழில் எழுதுகிறார்கள். அன்று அம்மாவுக்குப் பெயர் வாயில் நுழையவில்லை. மாத்திரைதான் அத்தை வாயில் நுழைந்தது. தினமும் தவறாமல் போட வேண்டும், அவ்வப்போது ரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும், நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக்கூடாது. டாக்டர் சொன்ன மூன்றையும் அம்மா மனப்பாடமாக வைத்திருந்தாள்.

அத்தை நன்றாகிவிட்டாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் உறவில் யாரும் இதைச் சொல்வதே இல்லை. அவள் நன்றாகிவிட்டாள். இரவில் தூங்கினாள், காலையில் எழுந்தாள். அளவாகக் கம்பி சுற்றினாள். சாயங்காலம் பொழுதோட என்னை உட்கார வைத்துத் தலை பின்னி விட்டாள். கோபம் வந்தால் கோபித்தாள், சிரிப்பு வந்தால் சிரித்தாள். மாத்திரையைப் பழைய பவுடர் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். மூடியைத் திறந்தால் மாத்திரையிலிருந்து ரோஜாப் பவுடர் மணக்கும். அப்பாவுக்கு மட்டும் ஒரு சின்னக் குறை. "முன்ன மாதிரி வெசையாச் சுத்தறதில்ல" என்பார். வியாதியை அவர் அவ்வளவு விரும்பியிருக்கிறார்.

நான் சொல்ல வந்த காலம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு தை மாதம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு இடம் வந்தது. நெல்வயல், வாழைத்தோப்பு, ஒரே பையன். வந்து பார்த்தார்கள், பிடித்துப்போனது. அத்தைக்கும் பிடித்துப்போனது. மாப்பிள்ளை காபி டம்ளரை வைக்க இடம் தேடியபோது தான் ஒரு மோட்டார் மூடியைக் கவிழ்த்து நீட்டியதையும், அவர் சிரித்ததையும் என்னிடம் நாலைந்து தரம் சொன்னாள்.

அவர்கள் போன மறுவாரம் பெரியப்பா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பேச்சே மாத்திரைதான்.

"அந்த எழவை நிறுத்திப்போடோணும். புருசனூட்டுல போய் டப்பாவத் தொறந்து தின்னுட்டிருந்தா என்ன நெனைப்பாங்க?"

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். கணவனின் அண்ணன் முன்னால் வந்து பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. "நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாருங்க மாமா. கல்யாணம்னா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமுங்க. நாளைக்குக் கொழந்தைன்னு வந்தாலும் எந்த மாத்திரை போடலாமுன்னு அவருதானுங்க சொல்லோணும்."

"ஊட்டுக்கு வந்தவ வாய மூடிட்டு இரு சாமி" என்றார் பெரியப்பா. சாமி என்று மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் வாயை அடைப்பதுகூட மரியாதையாகவே நடக்கும்.

அத்தை தானே வந்து நின்றாள். "ஏனுங்கண்ணா, நான் மாப்பிள்ளைகிட்டச் சொல்லிப்போடறேன். இப்படி ஒண்ணு இருக்குது, மாத்திரை போட்டா நல்லா இருக்கறேன்னு சொல்றேன். வேண்டாமுன்னா வேண்டாங்கட்டும்."

"சொன்னா வேண்டாமுன்னுதான் சொல்லுவான்."

"அப்ப அப்படியே ஆகட்டுமுங்கண்ணா. மாத்திரைய மட்டும் நிறுத்த வேண்டாமுங்க. எனக்குப் பயமா இருக்குது."

அவள் கேட்டது அவ்வளவுதான். நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. தன் புத்தி தன்னிடம் இருக்க வேண்டும் என்று கேட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணோணும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, நான் சொன்னா உனக்குக் கோவம் வருது. சாமி சொன்னாக் கேப்பியல்ல? பூக் கேட்டுப் பார்த்துப்போடலாம்" என்றார்.

பூக் கேட்பது நம்மில் தெரியாதவர்கள் குறைவு. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு காரியம் செய்யலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒன்று போலவே இலையில் மடித்துக் கட்டி சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கிணறு வெட்ட, இடம் வாங்க, பெண் எடுக்க, எல்லாவற்றுக்கும் கேட்பதுதான். எனக்குச் சாமி மேல் கோபமில்லை. கிணற்றுக்குக் கேட்கலாம். ஒருத்தியின் மருந்துக்குக் கேட்கலாமா?

எங்கள் குலதெய்வம் தோட்டத்துக்கு மேலே, மலையடிவாரத்தில். மாசி வெயில். பூசாரி, பெரியப்பா, அப்பா, அம்மா, அத்தை, நான். "பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுப்போடுங்க, ஆனை எறங்கற தடம்" என்று பூசாரி அவசரப்படுத்தினார். பெரியப்பா சாமியிடம் சத்தமாகக் கேட்டார்: "மாத்திரைய நிறுத்திப்போட்டு இந்தக் கல்யாணத்தப் பண்ணலாமா, உத்தரவு குடு." எனக்கு ஏழு வயது. குளித்து, ஈரத்தலையோடு, குளிருக்கும் பயத்துக்கும் நடுவே நின்றேன். என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

எனக்குத் தெரியும், நான் பார்த்தேன், செக்கச் செவேல் என்ற செவ்வரளி. அத்தை மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியப்பா சொன்னார்: "காத்தடிச்சுப் பொட்டலம் நகந்து போச்சு. மறுக்கா வெய்யுங்க."

காற்று அடிக்கவில்லை. விளக்குகூட ஆடவில்லை. ஆனாலும் மறுபடி வைத்தார்கள், மறுபடி எடுத்தேன். மறுபடியும் சிவப்பு.

"புள்ளை பீச்சாங்கையில எடுத்துது. அது கணக்கில்ல."

அது உண்மை. நான் இடதுகைக்காரி. இன்றைக்கும் இதை இடது கையால்தான் எழுதுகிறேன். பூசாரி தயங்கினார். "மூணாந்தரம் கேக்கற வழக்கமில்லீங்களே" என்றார். பெரியப்பா அவரைப் பார்த்த பார்வையில் பூசாரி குனிந்து புதுப் பொட்டலம் கட்டத் தொடங்கினார். பெரியப்பா என் இடது கையைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலது கையால் எடுத்தேன். வெள்ளை வந்தது.

மணி அடித்தார்கள். "சாமி உத்தரவு குடுத்துப்போட்டுது" என்றார் பெரியப்பா. சாமி இரண்டு தடவை வேண்டாம் என்று சொன்னது. என்னைப் பொறுத்தவரை அது நல்ல சாமி. கேட்க வேண்டியவர்களுக்குத்தான் காது இல்லை. அத்தை என் வலது கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அப்பாவை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் செருப்பைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் போனார்.

மறுநாள் காலை பெரியப்பா டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, பட்டறைச் சாக்கடையில் கவிழ்த்தார். வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள் கரியும் எண்ணெயும் மிதக்கும் தண்ணீரில் கொஞ்ச தூரம் போய் அடியில் உட்கார்ந்துவிட்டன. டப்பாவையும் எறிந்துவிட்டார். அம்மா வேறு வாங்கி வருவாளோ என்ற சந்தேகத்தில், "ஆஸ்பத்திரிப் பக்கம் யாரு காலாவது போச்சுன்னா நான் இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். மிதிக்காமல் இருந்திருக்கலாம்.

கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தியா?" என்றார்கள் எல்லோரும். சித்திரை கடைசியில் அத்தை மறுபடி வேகமானாள். கம்பி சுற்றும் அச்சு சடசடவென்று ஓடியது. அப்பா முகம் மலர்ந்தார். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவு நல்ல விளையாட்டுத் துணை எந்தக் குழந்தைக்கும் கிடைத்திருக்காது. வைகாசியில் கல்யாணம். வந்த ஒரம்பரை, உறவுக்காரர் எல்லோரையும் கட்டிப்பிடித்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், சமையல்காரர்களோடு சேர்ந்து பாடினாள். மணவறையில் தாலி ஏறும்போதுகூட முன்வரிசையில் இருந்த யாரிடமோ கதை பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு நல்லா கலகலன்னு இருக்குதுங்க" என்று மெச்சினார்கள். மண்டபத்திலேயே அழுதவள் அம்மா ஒருத்தி. தங்கச்சிப் பாசம் மாதிரி நாத்தனார் மேல பாசம் என்று அதையும் பாராட்டினார்கள்.

கோபியிலிருந்து முதலில் நல்ல சேதிதான் வந்தது. மருமகள் விடியும் முன்னே வயலுக்குப் போகிறாள், ஆட்களோடு சேர்ந்து நாற்று நடுகிறாள், ராசியான கை. பிறகு வேறு மாதிரி வந்தது. வாழைத்தோப்பை வெட்டிவிட்டு மோட்டார் கம்பெனி கட்டச் சொல்லி மாமியாரோடு சண்டை. பஸ் ஸ்டாண்டில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நிறுத்திப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அது வேறு விதமாகவும் பேசியது. பெண் அல்லவா, அவள் சிரித்ததற்கெல்லாம் நடத்தையில் கணக்கு எழுதினார்கள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைப்பது வழக்கமில்லையா? நாங்கள் அழைக்கப் போவதற்கு முன்பே அவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். மாப்பிள்ளை விருந்து சாப்பிட்டார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. "ஆவணியில வந்து கூட்டிட்டுப் போறனுங்க" என்றார். அத்தை வாசல்வரை போய் நின்றாள். அந்தச் சமயத்திலேயே அவள் பேச்சு குறைய ஆரம்பித்திருந்தது. ஆவணி வந்தது, அவர் வரவில்லை. ஆள் மூலம் சேதிதான் வந்தது: பைத்தியத்தை மறைத்துக் கட்டி வைத்துவிட்டீர்கள், இனி இங்கே அனுப்ப வேண்டாம்.

அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் மறைத்தோம் என்று சொன்னார்களே, அது உண்மை. மறைத்தது யார்? சொல்லிவிடுகிறேன் என்று நின்றவள் அவள் ஒருத்திதான். ஆயிரம் பொய்யும் சொன்னவர்கள் அண்ணன்கள். தண்டனை மட்டும் அவளுக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இந்தத் தடவை அவள் விழுந்தது முன்பு மாதிரி இல்லை. சேலை மாற்றவும் தெம்பில்லை. சோற்றைப் பிசைந்து அம்மா ஊட்டினால் வாயிலேயே இருக்கும். "நங்கையா, என்னைய விட்டுருங்க" என்பாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அம்மா அவளைத் தனியாக விடவே இல்லை. பின்கட்டுக் கிணற்றுக்கு மேல் தகரம் போட்டு மூடச் சொன்னாள். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. பூனை விழுந்துவிடும் என்றாள்.

ஒரு நாள் அம்மா அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். கதவுக்குப் பின்னால் இல்லை, நேர் முன்னால், பட்டறையில் வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போதே. "இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். உங்கண்ணனையும் வரச் சொல்லுங்க. வரலைன்னா என்ர பொறந்த ஊட்டுக்கு அவளையும் கூட்டிட்டு நான் போயிருவேன்" என்றாள். அப்பா ஆள் அனுப்பினார். பெரியப்பாவும் வந்தார். வீட்டில் விட ஆளில்லாததால் என்னையும் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் அத்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "மாத்திரைய யாருங்க நிறுத்துனது?" என்றார்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சாமிகிட்டக் கேட்டுத்தானுங்க நிறுத்துனோம்" என்றார்.

"எங்கிட்டக் கேட்டீங்களா?"

அப்பா முந்திக்கொண்டு, "தப்பு நடந்துபோச்சுங்க" என்றார். நடந்துபோச்சாம். தப்பென்ன கால் முளைத்த ஜந்துவா, தானாக நடந்து போவதற்கு? டாக்டர் கோபப்படாமல், நிதானமாக, இப்படிச் சட்டென்று நிறுத்தினால் வியாதி முன்னைவிட வேகமாகத் திரும்பி வரும் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அத்தை பேசினாள். பல வாரமாக 'என்னைய விட்டுருங்க' என்பதற்கு மேல் பேசாதவள். டாக்டரைப் பார்க்கவில்லை, அண்ணன்களைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, நான் நல்லாத்தானே இருந்தேன்?"

அந்த அறையில் இரண்டு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள். பெரியப்பா என்னைப் பார்த்து, "புள்ளை கையில வெள்ளைப் பூத்தானே வந்துச்சு" என்று முணுமுணுத்தார். ஏழு வயதுப் பிள்ளையின் மேல் சாய்ந்துகொண்டார் அந்த ஆறடி மனிதர். அம்மா என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். "மொத ரெண்டு தடவ என்ன வந்துச்சுங்க மாமா?" என்று கேட்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் நன்றாக இருக்கும். ஆகவில்லை. முதல் தடவை அந்த மாத்திரை பிடித்ததுபோல் மறுபடி பிடிக்கவில்லை. டாக்டர் வேறு வேறு மருந்து மாற்றிப் பார்த்தார். ஏறுவாள், விழுவாள், கொஞ்சம் தேறுவாள், மறுபடி விழுவாள். நான் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, கல்யாணமாகிப் போகிறவரை அப்படித்தான் போயிற்று. அப்புறம் ஒரு வழியாக மருந்து நிலைத்தது. அத்தையும் நிலைத்தாள். பட்டறையில் உட்கார்ந்து மறுபடி கம்பி சுற்றினாள். மாத்திரையை இப்போது ஒளிக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே, "யாராச்சும் தண்ணி கொண்டாங்க, நான் மாத்திரை போடோணும்" என்று உரக்கச் சொல்வாள். அப்பா நெளிவார். அவள் வேண்டுமென்றேதான் செய்தாள்.

நான் ஒரு தடவை கேட்டேன், "கோவமே இல்லீங்களா அத்தே?"

அவள் கம்பியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "மாத்திரை போட்டுட்டு நல்லா இருந்தனே கண்ணு, அப்பத்தான் நான் எப்படிப்பட்டவன்னு எனக்கே தெரிஞ்சுது. அவளை எனக்குப் புடிச்சிருந்துச்சு. மறுக்கா அவளைப் பார்க்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுப்போச்சு. கோவப்பட்டு அதை யாருகிட்டப் போய் வாங்கறது?" சொல்லிவிட்டுச் சுற்றுக் கணக்கு மறந்துபோய், முதலிலிருந்து பிரித்துச் சுற்றினாள்.

அத்தை போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சாதாரணக் காய்ச்சல், வயது. வீட்டுக்கு வந்த பெண்கள், "பாவம், வாழாமயே போயிட்டா" என்று அழுதார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வாழாமல் இல்லை, வாழ்ந்துகொண்டிருந்தவளின் கையிலிருந்து பிடுங்கினார்கள். அன்றும் எனக்கு வார்த்தை வரவில்லை.

பெரியப்பா அவளுக்கு முன்பே போய்விட்டார். கடைசி வருடங்களில், டாக்டருக்குப் பக்கம் என்று கணபதியில் எங்கள் வீட்டுக்கே வந்து இருந்தார். ரத்தக்கொதிப்புக்கு ஒன்று, இருதயத்துக்கு ஒன்று, சர்க்கரைக்குக் காலையும் மாலையும். எடுத்துக் கொடுத்தது அத்தைதான். விளக்கு வைத்ததும் கட்டிலிலிருந்து குரல் வரும். "அம்மணி, என்ர மாத்திரை எங்க? நேரந் தப்பக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரல்ல." அத்தை அவருடைய உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, தண்ணீர்ச் சொம்பை நீட்டி, அவர் விழுங்கும்வரை நிற்பாள். மன்னித்துவிட்டாள் என்று உறவில் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். மன்னித்தாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் மன்னிக்கவில்லை. தொண்ணூறை நெருங்கும்வரை இருந்தார் பெரியப்பா. ஒரு வேளை மாத்திரைகூட அவருக்குத் தவறியதில்லை. அதற்கு யாரும் எந்தக் கோயிலிலும் பூக் கேட்கவில்லை.